பிரதியும் போலியும்

நமது கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் துப்பாக்கியைப் பற்றியதொரு கட்டுரை வருவதைக் கண்டு அன்பர்களுட் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். பழஞ்செய்யுட்களுக்கு நயங் காண்பதும், மாணாக்கரின் மலைப் பிரயாணங்களை வருணிப்பதும் வழக்கமாகவுள்ள இவ்விடத்தில் இரும்புக்கும் வெடிமருந்துக்கும் என்ன வேலை என்று அவர்கள் வினவுவராயின், அவ்வினா நியாயமானதே. கொலைக் கருவியைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஒருவர் செய்த பொருளைப் பார்த்து அது போன்ற வேறொன்றைச் செய்பவர் எவ்விடம் வரையில் நேர்மையாளர், எவ்விடத்தில் பொய்யராகின்றார் என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம். அதற்கு இத்துப்பாக்கிகளைப் போல் வாய்ப்பான சான்று நமக்கு வேறு அகப்படவில்லை.

இவ்வெண்ணம் நம் மனத்தில் எழுந்த வரலாற்றையும் சொல்லிவிடுகின்றோம். அமெரிக்காவில் நெடுங்காலமாக வதிந்துவரும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு கலாசாலையைப் பார்க்க வந்திருந்தார். இயந்திரத் தொழிலில் உத்தியோகம் வகிப்பவர். ஓய்வு நேரங்களில் பழைய சுழல் துப்பாக்கிகளின் பிரதிகளைச் சேர்த்து வைப்பதும், அவற்றுட் சிலவற்றைத் தோட்டா இட்டுச் சுடத்தக்கனவாக மாற்றியமைப்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தும் வேளையில் அவற்றின் படங்களைக் காட்டினார். நம் சரித்திர ஆசிரியர் ஒரே நோக்கில் அவற்றைப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணாடிக் கல்லைக் கொண்டு வைரப் பெட்டியை நிரப்புகின்றாயே!” என்றார். அவர் சிரித்தார். “ஐயா, கண்ணாடியென்று சொல்லி விற்றதை வாங்கியதில் எனக்கு நட்டமில்லை. வைரமென்று சொல்லி விற்ற கண்ணாடி ஒன்றும் என்னிடம் இருக்கின்றது. அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை” என்று மொழிந்தார். அதன் விவரத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் அக்கருவி யாதென்பதை விளக்குதல் வேண்டும். இக்காலத்துத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் தீயூட்டும் பொருளும் ஆகிய மூன்றும் தோட்டா என்னும் ஒரே பித்தளைக் குப்பிக்குள் அடங்கியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வாறில்லை. அக்காலத்துச் சுழல் துப்பாக்கியில் ஐந்தோ ஆறோ அறைகளையுடைய ஓர் உருளை இருக்கும். ஒவ்வோர் அறையிலும் முன்புறத்திலிருந்து கருமருந்தைப் பெய்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழுள்ள திணிகோலால் அமுக்குவர். பின்னர் உருளையின் பின்புறத்துள்ள சிறு காம்புகள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு செப்புக் கேப்பைப் பொருத்துவர். நம் சிறார் தீபாவளிக்கு வெடிக்கும் கேப்பின் மூதாதை இதுவே. குதிரை விழுந்து கேப்பை அடிக்க, அதன் பொறி காம்பின் துளை வழியே உட்சென்று மருந்தைப் பற்றவைக்கும். ஆறு முறை சுட்டான பின்பு மீண்டும் நிரப்புதற்குச் சில நிமிஷங்கள் கழியும். மழையும் நடுங்குங் கையும் எதிரியும் ஒருங்கே வாய்த்தால் அச்சில நிமிஷங்கள் எத்துணை நீளம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு அடித்துத் தீயூட்டும் முறையைக் கண்டவர் ஒரு போதகர் என்பது நம்மைப் போன்ற கலாசாலையார்க்குச் சிறிது வியப்பளிக்கும். ஸ்காத்லாந்து தேசத்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் திருச்சபைக் குருவாயிருந்த அலெக்சாந்தர் பார்சைத் என்பார் நீர்ப்பறவை வேட்டையில் விருப்பமுடையவர். சிக்கிமுக்கிக் கல்லால் தீமூட்டும் துப்பாக்கியில் முதலில் ஒரு பளிச்சென்ற ஒளி தோன்றி, அதன் பின்னரே குண்டு புறப்படும். ஒளியைக் கண்ட பறவை அதற்குள் எழுந்து பறந்துவிடும். அவ்விடைவேளையை ஒழிக்கவே அவர் அடித்தால் வெடிக்கும் ரசாயனப் பொருளைப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்து, 1807-ஆம் ஆண்டில் அதற்குப் பேடண்டு என்னும் தனியுரிமையும் பெற்றார். வாத்துக்காகச் செய்த சூழ்ச்சி பின்னர் மனிதர்மேல் பாய்ந்தது.

அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் 1836-ஆம் ஆண்டில் தம் நாட்டில் சுழலும் உருளைக்குத் தனியுரிமை பெற்றார். முதலில் அவர் தொடங்கிய தொழிற்சாலை நொடித்துப்போயிற்று. மெக்சிக்கோவோடு நிகழ்ந்த யுத்தத்தின்போது 1847-இல் வாக்கர் என்னும் பெயரால் அவர் செய்துகொடுத்த பெருந்துப்பாக்கி அவரை மீண்டும் எழச் செய்தது. அவ்வகையில் செய்யப்பட்டவை 1,100 அளவினவே. பின்னர் 1851-இல் நேவி என்பதும் 1860-இல் ஆர்மி என்பதும் வெளிவந்து இலக்கக் கணக்கில் விற்பனையாயின. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு திறத்தாரும் ஏந்தியவை இவையும் ரெமிங்டன் கம்பெனியார் செய்தவையுமாம். இவ்விடத்தில் ஒன்று சொல்லல் தகும். ரெமிங்டன் துப்பாக்கியின் பிரதியை இன்று வியாபாரிகள் எல்லோரும் ‘1858’ என்று பெயரிட்டு விற்கின்றனர். ஆனால் அவ்வுருவத்தில் அது செய்யப்பட்டது 1863 முதற்கொண்டே. குழலின்மேல் பொறித்திருந்த தனியுரிமைத் தேதியைத் துப்பாக்கி பிறந்த தேதியாகப் பின்வந்தோர் கொண்டுவிட்டனர். கல்வெட்டில் கண்ட முதல் ஆண்டைக் கோயில் கட்டிய ஆண்டாகக் கொள்ளும் நம்மவரின் பிழையும் இத்தகையதே.

இனி, மாற்றியமைத்த கதைக்கு வருவோம். சொல்வதற்குச் சுவையான பகுதி இதுவே.

உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுவதும் துளைத்துவிட்டால், பின்புறத்திலிருந்து தோட்டாவைச் செருகலாம். இத்துணை எளிய காரியம் கோல்ட்டின் தொழிற்சாலையில் ஒருவர்க்கும் தோன்றவில்லையா என்று நம் மாணாக்கர் வினவலாம். தோன்றியது, ஆனால் செய்வதற்கு உரிமையில்லை. அத்தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்திருந்த ரோலின் வைட் என்பார் 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரு தனியுரிமை பெற்றார். அவர் வரைந்து காட்டிய துப்பாக்கி காரியத்துக்கு உதவக்கூடியதன்று. எனினும் முழுவதும் துளைத்த உருளை என்னும் ஒரு வாசகம் அதில் இருந்தது. மறு ஆண்டில் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர் அவ்வுரிமையைத் தமக்காக்கிக்கொண்டு, துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுக்க உடன்பட்டனர். உரிமையை மீறுவோர்மேல் வழக்காடும் பொறுப்பை மட்டும் அவர் தலையிலேயே சுமத்தினர். கெட்டிக்கார வியாபாரிகள்! வழக்காடியே அம்மனிதர் பெரும் பொருளை இழந்தார். 1869-இல் உரிமை முடிந்தபோது அதனை நீட்டித்துத் தருமாறு காங்கிரஸ் சபையை வேண்டினார். சபையும் இசைந்தது. ஆனால் 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அம்மசோதாவுக்கு ஒப்பமிட மறுத்துவிட்டார். போர்க்களத்திலே படைகளை நடத்தியவர் அவர். உருளையைத் துளைக்கும் உரிமை ஒருவர்க்கே இருந்ததனால் படைக்கலச் சாலையினர் பட்ட இடர்ப்பாட்டை அவர் அறியாதவரல்லர்.

அப்பதினான்கு ஆண்டுகளிலும் கைகட்டி நின்றோர் செய்த உபாயங்கள் பல. ரெமிங்டன் கம்பெனியார் 1868-இல் ஸ்மித் வெஸ்ஸன் கம்பெனியார்க்குப் பணங் கொடுத்து இசைவு பெற்று, சில ஆயிரம் துப்பாக்கிகளைத் தோட்டாவுக்கு மாற்றினர். கோல்ட் கம்பெனியில் தூயர் என்பவர் அதே ஆண்டில் வேறொரு வழி கண்டார். துளைத்தல் கூடாதென்றால் தோட்டாவை முன்புறத்திலிருந்தே செருகுவோம் என்று ஒடுங்கிய வடிவில் தோட்டா செய்தார். சட்டத்தின் எழுத்துக்கு அடங்கிய அச்சூழ்ச்சி வாங்குவோர் மனத்துக்கு அடங்கவில்லை. உரிமை முடிந்த பின்னரே ரிச்சர்ட்ஸ் என்பார் 1871-இலும், மேசன் என்பார் 1872-இலும் செவ்விய முறைகளைக் கண்டு தனியுரிமை பெற்றனர். பழைய ஆர்மி துப்பாக்கிகளில் 1,200 அளவினவற்றை அரசாங்கம் ரிச்சர்ட்ஸ் முறைப்படி மாற்றிக்கொண்டது. இந்த ரிச்சர்ட்ஸ் பின்னாளில் ஏல் சர்வகலாசாலையில் இயந்திரநூற் பேராசிரியராக விளங்கினார். நீராவி இயந்திரத்தினுள் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவியொன்று அவர் பெயரால் வழங்குகின்றது. துப்பாக்கியைப் பற்றிய கட்டுரையில் ஒரு பேராசிரியரையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம் என்பதில் நமக்கு ஒரு சிறு திருப்தி.

மாற்றியமைத்தல் அக்காலத்தின் பொது இயல்பு என்பதையும் மறத்தலாகாது. 1857-இல் நம் நாட்டுச் சிப்பாய்களின் மனத்தைக் கலக்கிய என்பீல்டு துப்பாக்கியும் கேப்பினால் வெடிப்பதே. அதன் பின்புறத்தைத் திறந்து மூடத்தக்கதாக்கி, 1866 முதல் ஸ்னைடர் என்ற பெயரால் பிரிட்டிஷ் சேனையார் வழங்கினர். பண்டசாலையில் இலட்சக்கணக்கில் கிடக்கும் நல்ல இரும்பை எறிந்துவிட யார்க்கு மனம் வரும்?

ஆகவே, மாற்றியமைத்த ஒரு பழைய நேவி துப்பாக்கியைக் காணுங்கால் நாம் காண்பது வெறும் இயந்திரமன்று. ஒரு சட்டம் பதினான்கு ஆண்டுகள் ஒரு தொழிலை எவ்வாறு வளைத்திருந்தது என்பது இரும்பில் எழுதப்பட்டிருக்கின்றது. மேலும் ஒரு விநோதம் உண்டு. .36 என்று பெயர் பெற்ற அத்துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் உண்மையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்களவினது. அதை மாற்றியபோது பொருந்திய தோட்டாவுக்கு .38 என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் குண்டு தோட்டாக் குப்பியினுள்ளே அடங்குமாறு சிறுத்துப்போயிற்று. இன்று .38 என வழங்கும் தோட்டாவின் குண்டு மெய்யாகவே .357 அங்குலந்தான். குண்டு மாறியும் பெயர் மாறவில்லை. சொல்லாராய்ச்சி செய்வோர் சொற்களில் காணும் வழக்கை ஈயத்திலும் காணலாம்.

நிற்க. 1873-இல் கோல்ட் கம்பெனியார் புதிதாகவே ஒரு தோட்டாத் துப்பாக்கியை வெளியிட்டதும் பழையன கழிந்தன. ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961-இல் தொடங்கவிருந்த காலையில், அமெரிக்கர்க்குத் தம் பாட்டனார் ஏந்திய கருவிகளில் மோகம் பிறந்தது. உண்மைப் பொருள்கள் அரியனவாயும் விலை மிக்கனவாயும் இருந்தன. அப்போது இத்தாலி தேசத்தில் பிரேசியா நகரை அடுத்த கார்தோனே என்னும் பள்ளத்தாக்கூரில் பரம்பரைத் துப்பாக்கித் தொழிலாளர் நேவி துப்பாக்கியின் பிரதிகளைச் செய்து கடல் கடந்து அனுப்பலாயினர். ஊபர்ட்டி என்பாரின் தொழிற்சாலை 1959-இல் தோன்றியது. அவ்வூர்ச் சோதனைச் சாலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பரீட்சித்து முத்திரையிடுவர். கருமருந்துக்கு மட்டும் பரீட்சிக்கப்பட்டது என்பதற்கு ஓர் அடையாளமும், பரீட்சித்த ஆண்டுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. ஆண்டு 1974 வரையில் ரோமன் எண்ணாலும், 1975 முதல் இரண்டு எழுத்தாலும் குறிக்கப்பெறும். ஏஏ என்பது 1975, ஏபி என்பது 1976, ஏசி என்பது 1977.

இச்சிறு முத்திரையே நமது கட்டுரையின் உயிர்நிலை. அச்சுயந்திரம் பரவாத காலத்தில் நம் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினர். அவர்களுள் நேர்மையான எழுத்தாளன் கடைசி ஏட்டில் தன் பெயரையும், இன்ன ஆண்டு இன்ன மாதம் எழுதி முடித்தான் என்பதையும் குறித்து வைப்பான். அவன் பிரதி செய்தவனேயன்றிப் போலி செய்தவனல்லன். அவனால்தான் பல நூல்கள் நம் கைக்கு எட்டின. கார்தோனேயின் முத்திரையும் அவ்வாறு கடைசி ஏட்டில் எழுதும் குறிப்பேயாகும். அஃது உள்ளவரையில் அத்துப்பாக்கி தன்னைப்பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆதலின் நம் சரித்திர ஆசிரியரது கண்ணாடிக் கல் உவமையை நாம் ஒப்புக்கொள்ளோம்.

ஒப்புக்கொள்ளாததோடு நில்லாமல் ஒருபடி மேலும் செல்கின்றோம். பிரதிகள் இருப்பதனாலேயே மூலங்கள் பிழைத்தன. பழைய முறையில் மருந்திட்டுச் சுட்டுப் பார்க்க விழைவோரும், உருளையை மாற்றித் தோட்டாவிட்டுப் பார்க்க விழைவோரும் 1851-ஆம் ஆண்டுத் துப்பாக்கியின்மேல் அரத்தை வைக்காமல், நேற்றுச் செய்த இரும்பின்மேல் தம் ஆசையைத் தீர்த்துக்கொள்கின்றனர். ரிச்சர்ட்ஸ் தம் காலத்தில் பழைய துப்பாக்கியை வெட்டி மாற்றியது சிக்கனம். அதனையே இன்று ஒரு மூலத்துக்குச் செய்தால் அதற்குப் பெயர் அழிவு. சென்ற நூற்றாண்டின் இறுதியில், ரெமிங்டன் பிரதியின் பழைய உருளையைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் வைத்துக்கொள்ளத்தக்க தோட்டா உருளைகளை விற்கத் தொடங்கினர். வேண்டாதபோது எடுத்துவிட்டால் துப்பாக்கி பழையபடியே ஆகிவிடும். மீட்கக்கூடிய மாற்றமே சேகரிப்போர்க்கு அழகு என்பது நமது அபிப்பிராயம். இத்தாலியர் இப்போது மாற்றியமைத்த துப்பாக்கிக்கே பிரதி செய்கின்றனர் என்பதையும் கேட்டோம். ஒருபோதும் மாற்றப்படாத துப்பாக்கி, மாற்றப்பட்டது போன்ற உருவத்தோடு பிறக்கின்றது! சிரிப்பு வருகின்றது, ஆயினும் முத்திரை இருப்பதனால் நமக்குப் புகாரில்லை. 1966-இல் வெளிவந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்னும் இத்தாலியச் சினிமாவின்மேல் வேண்டுமானால் புகாருண்டு. 1862-இல் நடப்பதாகக் காட்டும் அக்கதையில் கதாநாயகன் மாற்றியமைத்த நேவி துப்பாக்கியில் தோட்டா செருகுகின்றான். கோல்ட் கம்பெனியார் அவ்வாறு மாற்றத் தொடங்கியது ஒன்பது ஆண்டுகட்குப் பின்னர்.

ஆயினும் முத்திரை மட்டும் இருந்துவிட்டால் சேகரிப்போரின் கடமை முடிந்ததென்று நாம் கருதவில்லை. பித்தளைக் கூடுடைய பிரதிகள் பார்க்க மிக அழகியன, விலையும் குறைவு, ஆதலால் புதிதாய்ச் சேர்க்கத் தொடங்குவோர் முதலில் வாங்குவது அவற்றையே. அவற்றின் மூலங்களுள் ஒன்று ஜார்ஜியா மாகாணத்தில் மேக்கன் நகருக்கு அருகே கிரிஸ்வோல்டுவில் என்னும் ஊரில் செய்யப்பட்டது. பருத்தி கடையும் இயந்திரங்களைச் செய்துவந்த கிரிஸ்வோல்டு என்பார் போர் வந்ததும் தென்னாட்டுச் சேனைக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கி, 1862 முதல் 1864 வரையில் 3,600 அளவில் செய்துகொடுத்தார். இரும்புக்கும் எஃகுக்கும் பஞ்சம் ஏற்பட்டதனால் கூட்டைப் பித்தளையில் வார்த்தனர். அவ்வூர்ப் பட்டறையில் அரம் பிடித்து உழைத்தோரில் பெரும்பாலோர் அடிமைகள். தம்மை அடிமைகளாகவே வைத்திருக்கும் பொருட்டு நிகழ்ந்த போருக்கு, அவர்களே தம் கையால் ஆயுதம் செய்தனர். 1864 நவம்பரில் வடநாட்டுக் குதிரைப்படையினர் அப்பட்டறையைக் கொளுத்தினர். இன்று அப்பித்தளைப் பிரதியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, “எத்துணைப் பளபளப்பு!” என்று விருந்தினர்க்குக் காட்டுவோர், பளபளப்பின் காரணத்தையும், பளபளக்கச் செய்த கைகள் யாருடையவை என்பதையும் சொல்லாது விடுவராயின், அவர் வைத்திருப்பது பிரதியாயினும் அவர் சொல்வது அரைக்கதையே. நம் பழைய மாணவரிடத்தில் இதனைக் கூறியபோது, அவர் தம்மிடமுள்ள பித்தளைப் பிரதியின் படத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தார். பித்தளைக் கூடு தோட்டாவின் அதிர்ச்சியை நெடுநாள் பொறுக்காதென்றும், மாற்று உருளை செய்வோர் எஃகுக் கூட்டுக்கு மட்டுமே அதனைப் பரிந்துரைக்கின்றனர் என்றும் பின்னர் ஒரு செய்தி சொன்னார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் 1898 முடியச் செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் புராதனப் பொருள் எனப் பிரித்து வைத்தது. இக்காலத் தோட்டாவுக்கு அமையாத பிரதிகளையும் அவற்றோடு சேர்த்தது. ஆதலின் கேப்புத் துப்பாக்கியின் பிரதி அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு புராதனப் பொருள். அதையே தோட்டாவுக்கு மாற்றிய கணத்தில் அஃது ஏனைத் துப்பாக்கிகளைப் போல் ஒரு துப்பாக்கியாகிவிடுகின்றது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, சுடவியலாத சாயல் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுதற்கே லைசென்சு வேண்டும். நம் மாணாக்கருள் எவரேனும் பட்டறையில் புதுமை செய்ய எண்ணினால் வேறு பொருளைத் தேடிக்கொள்வாராக.

இனி, அந்தப் பழைய மாணவரின் வைரத்துக்கு வருவோம். ஆறு ஆண்டுகட்கு முன்பு அவர் ஒரு பொருட்காட்சியில், கோல்ட் கம்பெனியிலேயே மேசன் முறையில் மாற்றியமைத்த நேவி துப்பாக்கி என்று ஒரு வியாபாரி கூறியதை நம்பிப் பெருவிலை கொடுத்து வாங்கினார். இரும்பில் பழமையின் செம்மை படர்ந்திருந்தது. மரப்பிடி தேய்ந்து மழுங்கியிருந்தது. நான்கு ஆண்டுகள் அதனைத் தம் சேகரத்தின் தலைமணியாக வைத்திருந்தார். ஒருநாள் அதன் திருகாணி ஒன்று தளர, பழைய துப்பாக்கிகளுக்கென்று விற்கும் மூலத் திருகாணி ஒன்றை வருவித்துப் பொருத்தினார். மரை இசையவில்லை. இத்தாலியப் பிரதியிலிருந்து ஒன்றைக் கழற்றி இட்டுப் பார்த்தார். வழுவின்றிப் புகுந்தது. இத்தாலியர் திருகாணி மரையை மில்லிமீட்டர்க் கணக்கில் வெட்டுவர். 1870-களில் கோல்ட் பட்டறையில் அக்கணக்கு ஏது? பூதக்கண்ணாடி கொண்டு தேடியபோது, குழலின் கீழே திணிகோல் மறைக்கும் இடத்தில் அரத்தால் தேய்த்த தழும்பும், தேய்ந்தும் தேயாமலும் நின்ற இரண்டு எழுத்துக்களும் புலப்பட்டன. ஏ, சி. அதாவது 1977.

விற்ற வியாபாரி இருக்குமிடம் தெரியவில்லை. அதே விலைக்கு வாங்கிக்கொள்ள வேறொருவர் காத்திருந்தார். அவர்க்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் விற்றுவிட்டால் நட்டமில்லை. “நான் ஏமாற்றவில்லையே ஐயா, ஏமாற்றப்பட்டவன்தானே? வாங்கியபடியே விற்கின்றேன்” என்று அவர் மனம் அவரிடம் வழக்காடிக்கொண்டிருந்ததை அன்று தேநீர் ஆறிப்போகும் வரை நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2018-இல் மூல வாக்கர் துப்பாக்கி ஒன்று 18 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தகைய விலை உள்ளவரையில் அரமும் அமிலமும் கொண்டு பிரதியைப் போலியாக்குவோர் இருக்கவே செய்வர். அவர்களைப் பற்றி நாம் அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் கள்வர், அவ்வளவே. நம்மை உறுத்துவது அடுத்த கை. தெரிந்தும் பேசாமல் கைமாற்றுபவர் தாம் ஒன்றும் செய்யவில்லை என்றே எண்ணுகின்றார். ஆனால் அழிந்த முத்திரை ஆண்டை மட்டுமா சொல்லியது? கருமருந்துக்கு மட்டும் பரீட்சிக்கப்பட்டது என்பதையுஞ் சொல்லியது. அதைத் தேய்த்தவர் ஓர் எச்சரிக்கையைத் தேய்த்தார். அறியாத ஒருவர் புகையில்லா மருந்தடைத்த இக்காலத் தோட்டாவை அதிலிட்டுச் சுட, உருளை பிளக்குமாயின், போவது பணமன்று, விரலும் கண்ணும். பொய்யான வரலாறு நூலகத்தில் ஒரு பிழை. துப்பாக்கியில் அது கைக்கு வந்த கேடு. வாங்குபவர் சுடுவதற்கன்று, பேழையில் வைப்பதற்கே வாங்குகின்றார் என்று சமாதானம் சொல்லலாம். அவர் பேரன் என்ன செய்வான் என்பதை யார் அறிவார்?

இவ்வளவும் நாம் அவரிடத்தில் அன்று சொல்லவில்லை. பாதி சொன்னோம். பிரதிகளைக் கண்ணாடிக் கல் என்று இகழ்ந்த சரித்திர ஆசிரியர் மட்டும், “தம்பி, எழுத்தை அழித்தவன் வேறு. அழிந்த எழுத்தைப் படித்துவிட்டவன் நீ” என்றார். அவர் விடைபெற்றுச் சென்றார்.

நான்கு திங்களுக்குப் பின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து வெட்டுவோர் ஒருவரைக் கொண்டு, குழலின் பக்கத்தில் எவர் கண்ணுக்கும் படும்படியாக, இத்தாலியில் செய்த பிரதி, 1977, கருமருந்துக்கு மட்டும் என்று வெட்டச் செய்தாராம். காத்திருந்த கனவான் அதைக் கண்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கு, ஞாயிறுதோறும் சங்கத்தில் சுட்டுப் பழகும் ஓர் இளைஞர் அதனை வாங்கிச் சென்றார். மாற்று உருளையை அவ்விளைஞர் முதல் நாளே கழற்றிவிட்டு, பழைய உருளை ஒன்றைப் பொருத்தி, மருந்தும் குண்டும் கேப்புமாகவே சுடுகின்றாராம். சரித்திர ஆசிரியரிடம் கடிதத்தைக் காட்டினோம். இரண்டு முறை படித்துவிட்டு, அந்த இளைஞரிடமிருந்து ஒரு படம் வருவிக்க முடியுமா என்று கேட்டார்.